மோட்டாரைப் பிரித்தே படித்த ஜி.டி. நாயுடு



பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். மெக்கானிக்கல் படித்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்று, இன்னமும் நகக்கண்ணில் கிரீஸோடு திரிகிற எனக்கு ஜி.டி. நாயுடு அவர்களை விட்டால் வேறு யார் பெயர் வாயில் வரும்?

கோவைக்குப் பக்கத்தில் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி இறைத்த கதையைக் கோவைக்காரர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில், சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனி 1911-லிருந்து செய்ய ஆரம்பித்த வண்டி அது. ஒற்றை சிலிண்டர், பின் சக்கரத்துக்கு பெல்ட். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடினால் கிராமத்துப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வயலுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். இவர் கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சப்ளையராக வேலைக்குச் சேர்ந்தார். தட்டு எடுத்து, தண்ணீர் வைத்து, காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியிடமிருந்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கினவர் ஊரைச் சுற்றி வந்து பெருமையடித்துக்கொண்டிருக்கலாம். அவர் செய்தது என்ன? வண்டியை நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார். மறுபடி மாட்டினார். மெக்கானிக் ஆனார். வகுப்பு அதுதான், லேப் அதுதான், பரீட்சையும் அதுதான். மாட்டி முடித்ததும் வண்டி கிளம்பினால் பாஸ்.

அந்த இடத்தில்தான் நான் மனம் விட்டு நின்றுவிடுகிறேன். காரணம் சொல்கிறேன். சென்னீர்குப்பத்தில் என் வீட்டோரம் தகரக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1960-களில் நம்ம வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த கார். அதன் பானட் முன்பக்க மட்கார்டு இரண்டையும் சேர்த்துக்கொண்டு அப்படியே முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். பூந்தமல்லி ரோட்டில் போகிற புது வண்டிகளில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. உள்ளே என்ன இருக்குன்னு கேட்டால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கணும் என்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, அதெல்லாம் நல்ல வண்டிகள்தான். ஆனால் கற்றுக்கொடுக்காது.

ஹெரால்டு கற்றுக்கொடுக்கும். ஒன்று சொல்கிறேன். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்டப்பின் அடியில் டிரன்னியன் என்று பித்தளையில் ஒரு மரை இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகிப்போய் மரைக்குள் இறங்காது. தண்ணீர் தங்கி இரும்பு துருப்பிடிக்கும். ஒருநாள் சக்கரம் மடங்கிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. கையால் கழற்றி, பாதி அரித்த மரையைப் பார்த்தவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. புதுப்பேட்டையில் பத்துக் கடை ஏறி இறங்கி ஒரு பழைய சாமானைத் தேடிப் பிடிக்கிற படிப்பு தனி!

நாயுடு கதைக்கு வருவோம். 1920-ல் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். முதலாளியும் டிரைவரும் மெக்கானிக்கும் ஒரே ஆள். அந்த ஒற்றை வண்டிதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று வளர்ந்து நாடே பேசுகிற பஸ் கம்பெனி ஆயிற்று. பிறகு கை வைத்ததெல்லாம் மோட்டார்தான். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின் மோட்டார் செய்தார். நம் நாட்டில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பாட்டரியில் ஓடும் சவர ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை; அது அங்கேயே நின்றது.

நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்கு அவர் வாழ்க்கையில் சங்கடமான இடம் ஒன்று உண்டு. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் அதற்கு முதல்வராக உட்கார்ந்தார்! உட்கார்ந்ததும் நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் தாராளம் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இவர் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகப் பேரோடு நடக்கிறது. அவிநாசி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் இன்னும் ஹோப் காலேஜ் என்றே பெயர்.

யார் சொன்னது சரி? எனக்குத் தெரிந்தவரை பாதிப் பாதி. கணக்கும் தெர்மோடைனமிக்ஸும் இரண்டு வருஷத்தில் மண்டையில் ஏறாது. அந்த விஷயத்தில் நாயுடு அவசரப்பட்டார் என்றே சொல்வேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. எட்டு செமஸ்டர் முடித்து, ஒரு எஞ்சினைக்கூட முழுசாகப் பிரித்து மாட்டாமல் பட்டம் வாங்குகிற மெக்கானிக்கல் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. கையில் ஸ்பானரை யார் கொடுத்தார்கள்?

நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் நாள் காலமானார். அவருடைய குடும்பத்தாரின் அறக்கட்டளை கோவையில் அவிநாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்றே ஒரு மியூசியம் நடத்துகிறது. கோவைப் பக்கம் போகிறவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முன்கூட்டியே இங்கே சொல்லி வைக்கிறேன். நம் சங்க நிதியிலிருந்து ஓடாத பழைய கார் ஒன்றை வாங்கி, கல்லூரி ஒர்க்ஷாப்பில் நிறுத்த வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வருஷா வருஷம் அதை அடியோடு கழற்றி மாட்ட வேண்டும். அடுத்த பேட்ச் மறுபடி கழற்றட்டும். புதுப்பேட்டைக்கு அலைகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக என்னைப் பார்க்கவும்.