நகைச்சுவை நாடகப் பேராசான் மொலியேர்

மேடையிலே தடியெடுத்து அடிப்பதும் அடிவாங்கி அலறுவதும் எளிய காரியமென எண்ணுவோர் பலர். அண்மையில் மாணவர் சிலர் கூடி, ஸ்கப்பன் என்னும் தந்திரக்கார வேலையாளைப் பற்றிய பிரெஞ்சு நாடகமொன்றைத் தமிழிலே ஒத்திகை பார்த்தோம். பகைவர் வருகின்றனர் எனப் பொய்கூறி, முதியவரைச் சாக்கினுள் ஒளித்து, குரலை மாற்றி மாற்றிப் பேசி, அவரை அவன் மொத்தும் காட்சி அதிலுண்டு. முதல்நாள் அடி உண்மையாகவே தோளிற் பட்டது. நண்பர் முகஞ்சுளித்தார், ஒருவருஞ் சிரிக்கவில்லை. தடி நிலத்தில் ஒலிக்கும் அதே கணத்தில் சாக்குத் துள்ளுமாறு, தாளம்போல் எண்ணிப் பழகிய பின்னரே சிரிப்புப் பிறந்தது. இக்காட்சியை ஆக்கிய மொலியேரின் வாழ்வை அறியும் ஆவல் அன்றே எனக்கு எழுந்தது.

1622ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே பிறந்த அவரின் இயற்பெயர் ஜோன் பத்தீஸ்து பொக்லன். தந்தையார் அரசமாளிகைக்குத் திரைச்சீலையும் இருக்கைகளும் அமைக்கும் பதவியினர். அப்பதவி மகனுக்கும் உரியதாயிருந்தது. ஆயினும் 1643இல் அவர் அதனைத் துறந்து, பெஜார் குடும்பத்தாருடன் நாடகக்குழு ஒன்றைத் தொடங்கினார். குழு நொடித்தது. 1645இல் கடனுக்காகச் சிறைப்பட்டார். பின்னர் ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் ஊரூராய்ச் சென்று நடித்தார்.

1658 ஒற்றோபர் 24ஆந் திகதி பதினான்காம் லூயி மன்னர்முன் நடிக்கும் பேறு கிட்டியது. முதலில் நடித்த துன்பியல் நாடகம் பெரிதாய் எடுபடவில்லை. இறுதியில் ஆடிய சிறு நகைக்கூத்தே மன்னர் மனத்தைக் கவர்ந்தது. அரங்கொன்றும் கிடைத்தது. அதே அரங்கிலே இத்தாலிய நடிகர் குழுவொன்றும் ஆடிவந்தது. மெல்லிய பலகைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டிய தடி, ஓசையை மிகுத்து நோவைக் குறைக்கும் என்பது இத்தாலியக் கூத்தர் கண்ட நுட்பம். அவர்தம் உடலசைவுக் கலையிலிருந்து மொலியேர் பெற்றது மிகுதி.

போலிப் பக்தனைத் தோலுரித்த தார்த்தூப் நாடகம் 1664இல் தடைசெய்யப்பட்டது. அவர் சோரவில்லை, ஐந்தாண்டு போராடி 1669இல் அனுமதி பெற்றார். 1670இல் எழுதிய நாடகமொன்றிலே, தத்தம் கலையே உயர்ந்ததென வாதாடும் இசை, நடன, வாள்வித்தை ஆசிரியர்களும், சினத்தை அடக்கென உபதேசித்த தத்துவ ஆசிரியரும் கைகலக்கின்றனர். கற்றோர் செருக்கை இதனினும் நன்றாக எள்ளியவர் யார்?

1671இல் ஸ்கப்பனாக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. உயர்ந்த நாடகங்களை எழுதியவர் சாக்கையும் தடியையும் நாடலாமா எனப் பின்னர் அவர் நண்பர் புவாலோவே குறைகூறினார். அக்குறை எனக்கு உடன்பாடன்று. பாமரனையும் பண்டிதனையும் ஒருங்கே சிரிக்கவைப்பது தாழ்ந்த தொழிலாகாது.

1673 பெப்ருவரி 17ஆந் திகதி, நோயாளியெனத் தன்னைத் தானே கற்பித்துக்கொள்பவனின் வேடத்தில், மெய்யான நோயுடன் மேடையேறினார். நடுவே வலிப்புக் கண்டும் நாடகத்தை முடித்தார், அன்றிரவே உயிர்நீத்தார். நடிப்புத் தொழிலைத் துறவாது இறந்தமையால் திருச்சபை அடக்கத்துக்கு இணங்கவில்லை. மனைவியார் மன்னரை இரந்த பின்னரே, நான்காம் நாள் இரவில் அடக்கம் நடைபெற்றது.

நாட்டையே சிரிக்கவைத்தவருக்குப் பகலில் ஓர் இறுதி ஊர்வலமும் இல்லை. ஆயினும் 1680இல் உருவான பிரான்சிய அரச நாடகமன்றம் இன்றும் அவர் பெயராலும் வழங்குகின்றது. நகைச்சுவை நடிகனை இளக்காரமாய் நோக்கும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. இளைஞர்களே, மேடையில் ஒருவர் அடிவாங்கிச் சிரிப்பூட்டும்போது, அவ்வோர் அடியின் பின்னேயுள்ள உழைப்பையும் எண்ணிப் பாருங்கள்.