ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்ன அம்மையார்

இத்தாலி தேசத்தின் தலைநகரமான ரோமில் சான் லொரென்ஸோ என்று ஒரு பேட்டை உண்டு. 1907-ம் ஆண்டில் அது ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். ஒரு கட்டடக் கம்பெனி அங்கே இருந்த பழைய அடுக்கு வீடுகளைச் செப்பனிட்டு, கூலி வேலை செய்யும் குடும்பங்களைக் குடிவைத்தது. பொழுது விடிந்ததும் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் குழந்தைகள் படிக்கட்டுகளில் ஏறி இறங்கி விளையாடின. புதிதாகச் செப்பனிட்ட சுவர்களைப் பாழாக்கின.

சுவர்களைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலையில், கம்பெனியார் குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்துவைக்க முடிவு செய்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு பள்ளிக்கூடம் இப்படித்தான் பிறந்தது! அதை நடத்தித் தரும்படி அவர்கள் கேட்டது ஒரு பெண் டாக்டரை. அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

டாக்டர் படிப்பு

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி கியாரவல்லே என்ற சிற்றூரில் மாண்டிசோரி பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் படித்தவர், மகளும் நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பெண்கள் வைத்தியப் படிப்புக்கு வருவது அந்த நாளில் மிகவும் அபூர்வம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் பார்க்கப் பெண்ணுக்கு அனுமதி கிடையாது. அதனால் மற்றவர்கள் போன பிறகு, பொழுது சாய்ந்த நேரத்தில், பிணங்கள் கிடக்கும் அறையில் தன்னந்தனியாக அவர் பாடம் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உத்தியோகம் அவரை மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் பைத்தியக்காரர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். இவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டும் அல்ல, நல்ல ஆசிரியரும்தான் என்று மாண்டிசோரி கண்டார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்று 1900-ல் ரோமில் தொடங்கப்பட்டது. மாண்டிசோரியும் மாண்டிசானோ என்ற டாக்டரும் அதன் தலைவர்கள். அங்கே படித்த குழந்தைகள் சிலர் சாதாரணப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறினார்கள். ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கோ வேறு கேள்வி எழுந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு கற்றுக்கொண்டால், நல்ல குழந்தைகள் ஏன் இன்னும் மேலே போகவில்லை?

மறைத்து வைத்த மகன்

அந்த டாக்டருக்கும் மாண்டிசோரிக்கும் 1898-ல் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் மாரியோ. இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் பிழைப்பும் பேரும் இரண்டுமே போய்விடும். ஆகவே குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்க்க விட்டார்கள். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார்; தாம் யார் என்று சொல்லமாட்டார். சில காலத்தில் டாக்டர் வேறு ஒரு பெண்ணை மணந்துகொண்டார். மாண்டிசோரி 1901-ல் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். பிறர் பெற்ற பிள்ளைகளுக்காக உழைத்த அம்மையார் தாம் பெற்ற பிள்ளையைக் கையில் வைத்து வளர்க்க முடியாமல் போயிற்று.

சான் லொரென்ஸோவில் 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி திறந்த இடத்துக்குக் குழந்தைகள் வீடு என்று பெயர் வைத்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தன. கம்பெனி ஆசிரியருக்குப் பெரிய சம்பளம் தருவதாக இல்லை. உபாத்தியாயர் பயிற்சி பெறாத ஒரு பெண்தான் கிடைத்தார். அதுவே நல்லதாயிற்று! பழைய முறையில் பழகியவராக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். பாடத்தை ஒப்பிக்கச் சொல்லியிருப்பார். இந்தப் பெண்ணோ சொன்னதைச் சொன்னபடி செய்தார். மரக்கட்டைகளையும் மற்றச் சாமான்களையும் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்த்து அம்மையாரிடம் சொல்லுவார்.

ஒரு நாள் அந்தப் பெண் வருவதற்கு நேரமாகிவிட்டது. சாமான் அலமாரியை முதல் நாள் பூட்டவும் மறந்திருந்தார். வந்து பார்த்தால், குழந்தைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தன. திருட்டு என்று அவருக்குக் கோபம் வந்தது. அம்மையாருக்குக் கோபம் வரவில்லை. குழந்தைகளுக்குத் தங்கள் வேலையைத் தாங்களே பொறுக்கத் தெரிகிறது என்று புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு உயரமான அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவிப் பார்த்த நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள் ஒரு நாள் தாங்களாகவே எழுதத் தொடங்கிவிட்டன.

செய்தி பரவியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாமான்களைத்தான் கேட்டார்கள். சாமானை விலைக்கு வாங்கலாம். அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்த ஆசிரியரை எங்கே வாங்குவது? அம்மையார் 1909-ல் சித்தா தி காஸ்தெல்லோ என்ற ஊரில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். சுமார் நூறு பேர் வந்தார்கள். பிறகு டாக்டர் தொழிலையே விட்டுவிட்டார். 1913-ல் ரோமில் நடந்த வகுப்புக்குப் பல தேசங்களிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள்.

அந்த வகுப்பில் என்ன கற்றுக்கொடுத்தார்? ஒரு சாமானைக் குழந்தைக்குக் காட்டும்போது கையை மெதுவாக அசைக்க வேண்டும். வார்த்தை குறைவாக இருக்க வேண்டும். காட்டியபின் விலகிவிட வேண்டும். குழந்தை தவறு செய்தால் உடனே பாய்ந்து திருத்தக்கூடாது. கட்டை குழியில் பொருந்தாவிட்டால் குழந்தைக்கே தவறு தெரிந்துவிடும். உட்கார்ந்து கவனிப்பதும், கவனித்ததை எழுதிவைப்பதும் ஆசிரியரின் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. குழந்தை பொத்தான் போடத் தடுமாறும்போது கையை நீட்டாமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

பயிற்சி விஷயத்தில் அம்மையார் மகா கண்டிப்பு. பிறருக்குப் பயிற்சி அளிக்கும் அதிகாரத்தை மற்றவர்களுக்கு அவர் லேசில் விடவில்லை. இதனால் அமெரிக்காவில் ஆதரித்தவர்களே மனம் கசந்தார்கள். அந்தக் கசப்பில் நியாயம் இருந்தது. முசோலினியின் ஆதரவைப் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்ததையும் பலர் குறை சொல்வது உண்டு. அந்த உறவு 1934-ல் முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. குடியிருந்த ஸ்பெயினிலும் 1936-ல் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஹாலந்துக்குப் போனார்.

சென்னையில்

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மணி தேவியும் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில் அம்மையார் சென்னைக்கு வந்தார். அப்போது வயது 69. கூட வந்தவர் மாரியோ. தாயார் காலமான பிறகு, 1913-ல், அம்மையார் மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்றுதான் ஊருக்குச் சொல்லிவந்தார்.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ இங்கிலீஷில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் எல்லோரும் பிரிட்டிஷ் சர்க்காருக்கு விரோதிகள் ஆகிவிட்டார்கள். மாரியோவைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். முதியவர் என்பதால் அம்மையாரை அடைக்கவில்லை. ஆனால் இஷ்டம்போல் எங்கும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் வாய் திறந்து சொல்லாத உறவை ஒரு சர்க்கார் தந்தி சொல்லிவிட்டது!

யுத்தம் முடியும் வரையில் இருவரும் இங்கேயே இருந்தார்கள். கோடைக்கானலில் சில வருஷம் பள்ளி நடத்தினார்கள். ஆமதாபாத், இலங்கை என்று பல இடங்களில் வகுப்புகள் நடந்தன. அம்மையாரிடம் ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். ஆமதாபாத் பிரசங்கங்கள் 1949-ல் சென்னையிலேயே புத்தகமாக வெளிவந்தன.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி. ஹாலந்தில் நோர்ட்விக் என்ற கடற்கரை ஊர். ஆப்பிரிக்காவில் ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தப் போவதைப் பற்றித் தாயும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த 81 வயதில் அவ்வளவு தூரம் பிரயாணம் வேண்டாம் என்று மாரியோ தடுத்தார். அம்மையாருக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவருடைய உயிர் பிரிந்தது. உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் மாரியோவைத் தம் மகன் என்றே எழுதி வைத்திருந்தார். மகன் 1982-ல் இறக்கும் வரையில் தாயின் வேலையைத் தொடர்ந்து செய்துவந்தார்.