தூக்கத்தில் மருந்து சொன்ன போட்டோகிராபர்: யார் இந்த எட்கர் கேசி? 'ஆகாஷிக் ரெக்கார்ட்' என்பது என்ன?

பிரபஞ்சத்திடம் கேட்டால் பதில் கிடைக்கும், முந்தைய பிறவி முதல் அடுத்த வேலை வரை எல்லாம் ஏற்கெனவே ஓரிடத்தில் பதிவாகி இருக்கிறது என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த இடத்துக்குத்தான் 'ஆகாஷிக் ரெக்கார்ட்' என்று பெயர். உலகில் நடந்தது, மனிதர்கள் நினைத்தது எல்லாமே அழியாமல் இருக்கும் ஒரு பெரிய நூலகம் என்பது அதை நம்புகிறவர்களின் கருத்து.

இந்தச் சொல் சாதாரண மக்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்ததில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சாமியார் இல்லை, பேராசிரியரும் இல்லை. அமெரிக்காவில் போட்டோ ஸ்டூடியோ நடத்திய எட்கர் கேசி. அவர் மறைந்து 80 ஆண்டுகள் கடந்த பிறகும் அவர் பெயரில் புத்தகங்கள் விற்கின்றன. அவர் சொன்ன மருந்துகளைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி என்னதான் செய்தார் இவர்?

பள்ளிப் படிப்பு பாதியில்

1877 மார்ச் 18 அன்று, கென்டக்கி மாநிலத்தின் ஹாப்கின்ஸ்வில் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கேசி. சின்ன வயதிலிருந்தே பைபிள் மீது அப்படி ஒரு பிடிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை முழு பைபிளையும் படித்து முடிப்பது அவர் வழக்கம்.

சிறுவனாக இருந்தபோது இறந்துபோன தாத்தாவைப் பார்த்ததாகச் சொன்னார். 13 வயது வாக்கில் ஒளி சூழ்ந்த ஒரு பெண் தோன்றி என்ன வேண்டும் என்று கேட்டதாகவும், நோயாளிகளுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் எனத் தான் கேட்டதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாடப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தால் பாடம் மனப்பாடம் ஆகிவிடும் என்பதும் அவர் சொன்ன கதைதான். இதற்கெல்லாம் அவரும் குடும்பமும் மட்டுமே சாட்சி.

வீட்டு நிலைமை காரணமாகப் படிப்பு பாதியில் நின்றது. புத்தகக் கடையில் வேலை பார்த்தார், இன்சூரன்ஸ் விற்றார், பிறகு போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டார்.

போன குரல் வந்தது எப்படி?

1900-ல் அவருக்குக் குரல் போய்விட்டது. மாதக்கணக்கில் கிசுகிசுப்பாக மட்டுமே பேச முடிந்தது. டாக்டர்களால் சரிசெய்ய முடியவில்லை. 1901-ல் ஆல் லேன் என்ற உள்ளூர் ஹிப்னாடிசக்காரர் அவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோய், என்ன கோளாறு என்று அவரிடமே கேட்டார். தொண்டைக்கு ரத்த ஓட்டம் கூட வேண்டும் என்று தூக்கத்திலேயே பதில் வந்ததாம். எழுந்தபோது குரல் திரும்பியிருந்தது.

மனஅழுத்தத்தால் குரல் போவதும், அது ஹிப்னாடிசத்தில் திரும்புவதும் மருத்துவம் அறிந்த விஷயம்தான். ஆனா லேன் அதோடு விடவில்லை. தன் நோய்க்கு வழி சொன்னவர் அடுத்தவர் நோய்க்கும் சொல்லலாமே என்று நினைத்தார். இதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

கேசி சோபாவில் படுப்பார். டையைத் தளர்த்திக்கொண்டு கண்ணை மூடுவார். நோயாளியின் பெயரும் இருக்கும் இடமும் சொன்னால் போதும், ஆள் எதிரில் இருக்க வேண்டியதில்லை. உடம்பில் என்ன பிரச்சினை, என்ன சாப்பிட வேண்டும், எங்கே விளக்கெண்ணெய் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போவார். எழுந்ததும் எதுவும் நினைவில் இருக்காது. இந்த அமர்வுக்கு 'ரீடிங்' என்று பெயர். 1910 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியதும் நாடு முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டார்.

சொந்த வீட்டில் விழுந்த அடி

1903-ல் கெர்ட்ரூட் எவன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1911-ல் அவர்களின் இரண்டாவது மகன் மில்டன் போர்ட்டர் பிறந்த சில வாரங்களிலேயே நோயில் விழுந்தான். ஊருக்கெல்லாம் தூங்கி மருந்து சொன்ன கேசி, தன் குழந்தைக்குக் கடைசி நேரம் வரை ரீடிங் செய்யவில்லை. டாக்டர்கள் கைவிரித்த பிறகு செய்தார். இனி நேரமில்லை என்றே அதில் வந்தது. குழந்தை இறந்துவிட்டது.

அடுத்து மனைவிக்குக் காசநோய் என்றார்கள். இந்த முறை அவர் காத்திருக்கவில்லை. ரீடிங்கில் வந்த மருந்துகளைக் கொடுத்தார்கள், கெர்ட்ரூட் பிழைத்தார். ஒரே வீட்டில் ஒரு சாவும் ஒரு மீட்சியும். தன் வேலையை அவர் கடைசிவரை விடாததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம் என்று சொல்லலாம்.

எண்ணெய்க் கிணறும் மருத்துவமனையும்

ரீடிங்கில் சொல்கிறபடி நோயாளிகளுக்குச் சிகிச்சை தர ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்பது கேசியின் கனவு. அதற்குப் பணம் சேர்க்க டெக்சாஸில் பெட்ரோலியம் தேடினார். எங்கே தோண்டுவது என்பதையும் தூக்கத்தில்தான் கேட்டார். எண்ணெய் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் வீணானதுதான் மிச்சம்.

1925-ல் குடும்பத்தோடு வர்ஜீனியா பீச் நகரில் குடியேறினார். மார்ட்டன் புளூமென்தால் என்ற நியூயார்க் பங்குத் தரகர் பணம் போட, 1928-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. 1931-ல் மருத்துவமனை மூடப்பட்டது. அதே ஆண்டு, குறி சொன்னதாக நியூயார்க்கில் அவர் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு தள்ளுபடி ஆனது.

ஆகாயத்தில் இருக்கும் ஏடு: அடையாறு வரை ஒரு தொடர்பு

1923 வரை கேசியின் ரீடிங்கில் பெரும்பாலும் நோயும் மருந்தும்தான். அந்த ஆண்டு ஆர்தர் லாமர்ஸ் என்ற பணக்கார அச்சகக்காரர் அவரை ஒஹாயோவின் டேட்டன் நகருக்கு அழைத்தார். லாமர்ஸுக்கு உடம்பைப் பற்றிக் கவலையில்லை. ஜோதிடம், பிரம்ம ஞானம், மறுபிறவி இதில்தான் ஆர்வம். அதைப் பற்றியே கேட்டார். தூங்கிக்கொண்டிருந்த கேசியும் முந்தைய பிறவிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எழுந்து கேட்டபோது, பைபிளே உலகம் என வாழ்ந்த அவருக்கே அது அதிர்ச்சிதான்.

இந்தத் தகவல்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விக்கும் ரீடிங்கிலேயே விளக்கம் சொல்லப்பட்டது. ஒன்று நோயாளியின் ஆழ்மனம், இன்னொன்று ஆகாஷிக் ரெக்கார்ட்.

ஆகாசம் நமக்குத் தெரிந்த சொல்தான், ஐம்பூதங்களில் ஒன்று. ஆனா அதில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்ற கருத்தை மேற்கு நாடுகளில் பரப்பியது பிரம்ம ஞான சபை. 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தச் சபை, 1882-ல் சென்னை அடையாறுக்குத் தலைமையகத்தை மாற்றியது. அச்சபையின் லெட்பீட்டர், ஜே.கிருஷ்ணமூர்த்தியை 1909-ல் சிறுவனாகக் கண்டெடுத்தது அடையாறில்தான். அந்தச் சிறுவனின் முந்தைய பிறவிகளை இந்தப் பதிவிலிருந்து படித்ததாகவும் எழுதினார். அந்தச் சபையின் கருத்துகளில் ஊறியவர் லாமர்ஸ். கேள்வி கேட்பவர் மாறியதும் பதிலும் மாறியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

உண்மையா, இல்லையா?

1923-ல் உதவியாளராகச் சேர்ந்த கிளாடிஸ் டேவிஸ் ஒவ்வொரு ரீடிங்கையும் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து வைத்தார். அதனால் இன்றைக்கும் 14,000-க்கும் மேற்பட்ட ரீடிங்குகள் பாதுகாப்பாக உள்ளன. இவ்வளவு பதிவு விட்டுச்சென்ற வேறொரு ஞானதிருஷ்டிக்காரரைக் காண்பது அரிது.

ஆனா பதிவு வேறு, சோதனை வேறு. ரீடிங் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு யாரும் முறையாக ஆய்வு செய்ததில்லை. குணமானவர்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். குணமாகாதவர்களில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? புத்தகக் கடை வேலையும், எலும்பு தசைகளை நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி வைத்தியர்களின் பழக்கமும் அவருக்கு மருத்துவச் சொற்களைத் தந்திருக்கும் என்கிறார்கள் விமர்சகர்கள். ஏற்கெனவே இறந்துவிட்டவர்களுக்கும் அது தெரியாமல் மருந்து சொன்ன ரீடிங்குகளையும் அவர்கள் காட்டுகிறார்கள்.

கணிப்புகளில் இது இன்னும் தெளிவாகவே தெரியும். 1998-க்குள் ஜப்பானின் பெரும்பகுதி கடலுக்குள் போகும் என்றார், போகவில்லை. 1968 அல்லது 69-ல் அட்லாண்டிஸ் மேலே வரும் என்றார். 1968-ல் பஹாமாஸின் பிமினி தீவு அருகே கடலடியில் கல் வரிசை கண்டுபிடிக்கப்பட்டதும் ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். அது இயற்கையாக உருவான கடற்கரைப் பாறை என்பது புவியியலாளர்களின் முடிவு.

கடைசி ஆண்டுகள்

1943-ல் தாமஸ் சுக்ரூ எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு வெளியானது. இரண்டாம் உலகப் போர்க்காலம். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. நோயாளிகள், போர்முனைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர் எனக் கைவிடப்பட்டதாக நினைத்தவர்கள் பலர். ஒரு நாளைக்கு 2 ரீடிங்குக்கு மேல் செய்தால் உடம்பு தாங்காது என்று அவருடைய ரீடிங்கே எச்சரித்திருந்தது. அவர் சில நாட்கள் 8 வரை செய்தார். அந்தக் கடிதங்களுக்கு இல்லை என்று பதில் எழுத அவரால் முடியவில்லை.

1944-ல் உடம்பு விழுந்தது, பக்கவாதமும் வந்தது. 1945 ஜனவரி 3 அன்று, 67 வயதில் காலமானார். மூன்றே மாதத்தில் கெர்ட்ரூடும் இறந்தார்.

ஏமாற்றிப் பணம் சேர்த்தவர் என்று கேசியைச் சொல்வது கடினம், வாழ்நாளில் பாதிக்கு மேல் பணக் கஷ்டம்தான். தான் சொல்வதை அவர் முழுசாக நம்பினார். ஆனா ஒருவர் நம்பிச் சொல்கிறார் என்பதற்காக அது உண்மையாகிவிடாது, மருந்து விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அவர் பெயரைச் சொல்லி மருந்தோ கணிப்போ உங்கள் போனுக்கு வந்தால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீங்க. குணமான கதையை மட்டும் கேட்காமல், குணமாகாதவர்களின் கணக்கு எங்கே என்றும் கேளுங்க.