டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நாம் அறிவோம். அது எழுந்ததற்குக் காரணமான இரவை அறிவோமா?

திண்டிவனத்தில் ஓர் இரவு, டாக்டர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை மூவர் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்தனர். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று, மகள் ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் பயிலாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இருந்ததில்லை. அந்த இரவு அவர் மனத்தை மாற்றியது. அமெரிக்கா சென்று, 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் சிகிச்சை தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஆயினும், ஒருவரின் இரு கைகள் எத்தனை கிராமங்களுக்கு எட்டும்? ஆகவே 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1922-இல் 14 பெண்கள் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

அம்மையார் 1960-இல் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். அன்று மூவரைக் கொன்றது பிரசவ வேதனை மட்டுமன்று; மருத்துவம் படித்த பெண்ணொருத்தி ஊரில் இல்லாமையும்தான். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இதை நாம் நினைவிற் கொள்வோமாக!