நாட்டை இழந்த மந்திரி மில்யூகோவ்

பதவியில் உயர்ந்தோர் பலர். அதனை இழந்து, அயல்நாட்டில் முதுமையுற்றும் தாய்நாட்டின் நலமே நாடியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ருஷ்ய நாட்டின் பாவெல் மில்யூகோவ்.

1859-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பிறந்த இவர், அந்நகரச் சர்வகலாசாலையில் சரித்திரம் போதித்து வந்தார். இவரது அரசியற் கருத்துகள் ஜார் ஆட்சிக்கு உவப்பாயில்லை. 1895-இல் வேலை பறிபோயிற்று. ரியாஸான் நகருக்கு அனுப்பப்பட்டார். பின்னர்ப் பல்கேரியாவில் ஆசிரியப் பணி புரிந்தார், அமெரிக்காவிலும் சொற்பொழிவாற்றினார். 1905-இல் தோன்றிய அரசியற்சட்ட ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானார்.

முதல் உலக யுத்தத்தில் 1915-இல் தம் இளைய மகனைப் பறிகொடுத்தார். ஆயினும், யுத்தத்தில் வெற்றி பெற்றே தீரவேண்டும் என்னும் உறுதி தளர்ந்திலர். 1916 நவம்பரில், அரசாங்கத்தின் குற்றங்களை அடுக்கி அவர் டூமா சபையில் ஆற்றிய பேருரை நாடெங்கும் கைப்பிரதிகளாகப் பரவியது. 1917 மார்ச்சில் ஜார் முடிதுறந்தார். தற்காலிக அரசாங்கத்தில் மில்யூகோவ் வெளிநாட்டு மந்திரியானார். மக்களோ யுத்தத்தால் களைத்திருந்தனர். நேச நாடுகளுக்கு அளித்த வாக்கைக் காப்பதாக அவர் விடுத்த குறிப்பு வெளியானதும், பெட்ரோகிராட் வீதிகளில் தொழிலாளரும் போர்வீரரும் கொதித்தெழுந்தனர். இரண்டே மாதங்களில் பதவி விலகினார்.

அவ்வாண்டு நவம்பரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்களை வீழ்த்தும் ஆவலால், 1918-இல் கீவ் நகரில் ஜெர்மானியரின் துணையையே நாடினார் மில்யூகோவ். பகைவரின் துணையை நாடிய இச்செயலை அவர் கட்சியினரே ஏற்கவில்லை. அவர் வாழ்வின் பெரும்பிழை அதுவே.

நாடிழந்த அவர், 1921 முதல் பாரிஸில் ருஷ்ய மொழி நாளிதழொன்றின் ஆசிரியராக விளங்கினார். 1922 மார்ச்சில் பெர்லின் கூட்டமொன்றில் முடியாட்சி வெறியர் அவரைச் சுட முயன்றனர். சுட்டவனைத் தடுக்கப் பாய்ந்த நண்பர் விளாதிமிர் நபோகோவ் குண்டுபட்டு மாண்டார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் நபோகோவ் அந்நண்பரின் மைந்தரே.

1940-இல் பாரிஸ் ஜெர்மானியர் வசமாயிற்று, நாளிதழும் நின்றது. 1941-இல் ஹிட்லர் ருஷ்யாவின்மீது படையெடுத்தபோது, நாடிழந்த ருஷ்யருள் சிலர் அவன் பக்கம் சாய்ந்தனர். மில்யூகோவ் சாயவில்லை. தம்மைத் துரத்தியோரின் படையே வெல்லவேண்டுமென விரும்பினார். 1918-இல் இழைத்த பிழையை மீண்டும் இழைத்திலர். ஸ்டாலின்கிராட் வெற்றிக்குப் பின், 1943 மார்ச் 31-ஆம் நாள், பிரான்ஸின் எக்ஸ்-லெ-பேன் நகரில் தம் 84-ஆம் வயதில் காலமானார்.

ஆட்சி வேறு, நாடு வேறு. ஆள்வோர்மீது கொண்ட பகையை நாட்டின்மீது ஏற்றலாகாது. இவ்வுண்மையை அவர் உணர்ந்தது தம் நாட்டைப் பிரிந்த பின்னரே.