உனோ, தோஸ், திரேஸ்: டப்பித்தானில் ரிசால் நடத்திய பள்ளி

ஹோசே ரிசாலின் பெயரை நம்மில் பலர் வரலாற்றுப் பாடத்தில்தான் முதலில் கேட்டிருப்போம். பிலிப்பீன்ஸின் தேசிய வீரர்; இரண்டு புகழ்பெற்ற நாவல்களை எழுதியவர்; 1896 டிசம்பர் 30ஆம் தேதி மணிலாவில் ஸ்பானிய அரசால் சுட்டுக் கொல்லப்பட்டவர். தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால், அந்த மரணத்துக்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அவர் ஒரு கடலோர ஊரில் நாடுகடத்தப்பட்டவராக இருந்தார். அங்கே சிறுவர்களுக்குக் கணக்கும் ஸ்பானிய மொழியும் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கும் எனக்கு, அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ரிசால் 1861 ஜூன் 19ஆம் தேதி, லகூனா மாநிலத்தின் கலம்பா ஊரில் பிறந்தார். 11 பிள்ளைகளில் ஏழாமவர். எழுத்துகளை முதலில் கற்பித்தவர் அவருடைய தாயார் தியோடோரா அலோன்சோ. வீட்டில் பேசியது தகாலோக் மொழி. பள்ளி, நீதிமன்றம், அரசாங்கம் எல்லாவற்றுக்கும் ஸ்பானிய மொழி. 1872ஆம் ஆண்டு மணிலாவில் இயேசு சபையினர் நடத்திய அத்தேனியோ பள்ளியில் சேர்ந்தபோது அவருடைய ஸ்பானியம் போதுமானதாக இல்லை. மதிய இடைவேளையில் சாந்தா இசபெல் கல்லூரிக்குப் போய், மூன்று பேசோ கட்டணம் செலுத்தித் தனி வகுப்பில் அந்த மொழியைப் படித்தார். நம் பேச்சில் சொன்னால் டியூஷன் போனார். 1877ஆம் ஆண்டு அதே பள்ளியிலிருந்து மிக உயர்ந்த தேர்ச்சியுடன் வெளியேறினார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1863ஆம் ஆண்டு ஸ்பெயின் பிறப்பித்த கல்விச் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊரிலும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தொடக்கப்பள்ளி இருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் பாடம் நடக்க வேண்டும். சட்டம் தாளில் இருந்தது. பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்போ ஊர்ப் பாதிரியார்களிடம் இருந்தது. மக்களுக்கு ஸ்பானியம் தெரிந்துவிட்டால் அதிகாரிகளிடம் அவர்களே நேராகப் பேசிவிடுவார்கள். அதைப் பல பாதிரியார்கள் விரும்பவில்லை.

ரிசால் 1887ஆம் ஆண்டு பெர்லினில் வெளியிட்ட ‘நோலி மீ தாங்கெரே’ நாவலில் ஓர் ஏழைப் பள்ளி ஆசிரியர் வருகிறார். பிள்ளைகளுக்கு ஸ்பானியச் சொற்களை எளிய முறையில் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார்; பிள்ளைகளும் ஆர்வமாகக் கற்கிறார்கள். ஊர்ப் பாதிரியார் அவரை அழைத்து அவமானப்படுத்தி, அந்தப் பாடத்தை நிறுத்தச் செய்கிறார். இது கற்பனைக் கதை என்றாலும், அடுத்த ஆண்டே நிஜத்தில் இதுபோன்ற ஒன்று நடந்தது. 1888 டிசம்பரில் மலோலோஸ் ஊரைச் சேர்ந்த 20 இளம்பெண்கள், ஸ்பானிய மொழி கற்க இரவுப் பள்ளி வேண்டும் என்று தலைமை ஆளுநர் வெய்லரிடம் மனு கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். பெண்கள் விடவில்லை. லண்டனில் இருந்த ரிசால் அவர்களைப் பாராட்டி 1889ஆம் ஆண்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஸ்பானியம் கற்கத் துணிந்தவர்களுக்கு அவர் எழுதிய அந்தக் கடிதம் தகாலோக் மொழியில் இருந்தது.

மொழியும் கணக்கும் தெரியாதவன் எதை இழப்பான் என்பதை ரிசால் தம் சொந்த ஊரிலேயே கண்டார். கலம்பாவின் விளைநிலங்கள் தொமினிக்கன் சபைக்குச் சொந்தமான பெரும் பண்ணையைச் சேர்ந்தவை. குத்தகை ஏறிக்கொண்டே போனது. குத்தகைதாரர்களின் குறைகளைத் திரட்டி அறிக்கை எழுத ரிசால் உதவினார். வழக்கு நீண்டது, முடிவில் பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவருடைய குடும்பமும் அதில் ஒன்று. அந்த மக்களைக் குடியமர்த்த நிலம் தேடி 1892ஆம் ஆண்டு அவர் சண்டாக்கானுக்கு வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வட போர்னியோவில் ஒரு பிலிப்பினோ குடியிருப்பை உருவாக்குவது அவருடைய திட்டம். மணிலா அரசு அதை ஏற்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் அவர் தாயகம் திரும்பி, ஜூலையில் ‘லா லிகா பிலிப்பினா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். சில நாள்களிலேயே கைதானார். மிண்டனாவோ தீவின் வடகரையில் உள்ள டப்பித்தானுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அங்கே எதிர்பாராத அதிர்ஷ்டம் ஒன்று வந்தது. அவரும் ஊரின் ஸ்பானிய ராணுவத் தளபதியும் இன்னொருவரும் சேர்ந்து வாங்கிய லாட்டரிச் சீட்டுக்கு 20,000 பேசோ பரிசு விழுந்தது. ரிசாலின் பங்கு 6,200 பேசோ. அதில் 2,000 பேசோவைத் தந்தைக்கு அனுப்பினார். டப்பித்தானை அடுத்த தலிசாய் கடற்கரையில் நிலம் வாங்கினார். வீடு கட்டினார், மரங்கள் நட்டார், கண் மருத்துவம் பார்த்தார். சிறுவர்களுக்குப் பள்ளியும் தொடங்கினார்.

தொடக்கத்தில் மூன்று மாணவர்கள். பிறகு பதினாறு, அதன்பின் இன்னும் சிலர். பெரும்பாலோர் கட்டணம் செலுத்தவில்லை. அதற்குப் பதிலாகத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உதவினார்கள். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை வகுப்பு. வாசிப்பு, எழுத்து, ஸ்பானியம், ஆங்கிலம், எண்கணிதம், வடிவியல், புவியியல், வரலாறு ஆகியவை பாடங்கள். மாணவர்கள் ஒரு நீளமான மூங்கில் இருக்கையில் வரிசையாக அமர்வார்கள். நன்றாகப் பதில் சொல்பவன் வரிசையின் தலைப்பகுதிக்கு நகர்வான். அவனுக்குப் ‘பேரரசர்’ என்று பட்டம். அத்தேனியோவில் தாம் கண்ட முறையைத்தான் ரிசால் இங்கே சிறிய அளவில் செய்தார். வகுப்பு இல்லாத நேரத்தில் நீச்சல், படகோட்டம், சிப்பிகளும் பூச்சிகளும் சேகரிப்பது என்று நேரம் போகும். ஊர்த் திடலில் மண்ணால் மிண்டனாவோ தீவின் மாபெரும் நிலவரைபடம் ஒன்றையும் அவர் அமைத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். டப்பித்தான் சிறுவர்களின் தாய்மொழி பிசாயா. அதில் ஒன்று முதல் ஐந்து வரை: உசா, துஹா, துலோ, உபாட், லீமா. மலாய் தெரிந்த நமக்கு இவை அந்நியமாகவே தோன்றாது. ஐந்துக்கு நாமும் லீமாதான் சொல்கிறோம். பதினொன்றைப் ‘பத்தும் ஒன்றும்’ என்றே பிசாயா சொல்கிறது. நம் பதினொன்றும் அப்படித்தான். பத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே தெரிகிறது. ஸ்பானியம் அப்படியல்ல. உனோ, தோஸ், திரேஸ் என்று தொடங்கிப் பத்தைத் தாண்டியதும் ஓன்சே, தோசே, திரேசே என்று 15 வரை தனித்தனிச் சொற்கள். அவற்றுக்குள் பத்து ஒளிந்திருக்கிறது. பதினாறில்தான் ‘பத்தும் ஆறும்’ என்று பொருள்படும் சொல் வெளிப்படையாக வருகிறது. ஆகவே அந்தச் சிறுவனுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. தெரிந்த எண்ணை வேறொரு பெயரில் மறுபடி கற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதை நான் அனுபவத்தில் அறிவேன். தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டைத் தமிழில் மனப்பாடம் செய்தேன். இடைநிலைப்பள்ளியில் கணிதம் மலாயில் வந்தது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆங்கிலத்தில். இன்றும் அவசரத்துக்கு ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்றுதான் மனம் சொல்கிறது. என் விடுதித் தோழி ஒருத்தி செபூ தீவைச் சேர்ந்தவள். பத்து வரை தாய்மொழியில் எண்ணுவாள். பதினொன்று வந்ததும் ஸ்பானியச் சொற்களுக்குத் தாவிவிடுவாள். மணி சொன்னாலும் ஸ்பானியம்தான். அவளுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாது.

ரிசாலுக்கும் இந்த விஷயத்தில் சந்தேகங்கள் இருந்தன. 1891ஆம் ஆண்டு வெளியான அவருடைய இரண்டாவது நாவல் ‘எல் பிலிபுஸ்டெரிஸ்மோ’வில் மாணவர்கள் ஸ்பானிய மொழிக் கழகம் ஒன்றைக் கேட்டு மனு போடுகிறார்கள். அதே நாவலின் நாயகன் சிமோன், ஆள்பவரின் மொழியைக் கேட்டு நிற்பது நம் சிந்தனையையே அடகு வைப்பதாகும் என்று வாதாடுகிறான். யார் சொல்வது சரி என்று நாவல் எளிதாகத் தீர்ப்பு வழங்கவில்லை. டப்பித்தானில் ரிசால் வாழ்ந்த விதத்தில் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. சிறுவர்களுக்கு ஸ்பானியமும் ஆங்கிலமும் கற்பித்த அதே ஆண்டுகளில் அவர் பிசாயா, சுபானுன், மலாய் மொழிகளைக் கற்றார். தகாலோக் இலக்கணம் ஒன்றையும் எழுதத் தொடங்கினார். பிறமொழியைக் கொடுத்த கையாலேயே சொந்த மொழியையும் தாங்கிப் பிடித்தார்.

1896 ஜூலை 31ஆம் தேதி டப்பித்தானை விட்டுப் புறப்பட்டார். கியூபாவில் தொண்டூழிய மருத்துவராகப் பணியாற்ற அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் ஆகஸ்டில் பிலிப்பீன்ஸில் புரட்சி வெடித்தது. வழியில் கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது, இங்கேயே இறங்கிவிடும்படி நண்பர் ஒருவர் அறிவுறுத்தினார். கொடுத்த வாக்கை மீற ரிசால் விரும்பவில்லை. ஸ்பெயினை அடைந்ததும் கைதுசெய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் கப்பலும் சிங்கப்பூர் வழியாகவே வந்தது. அவரை நீதிமன்றத்தின் மூலம் மீட்க இங்கே எடுத்த முயற்சி தோற்றது. டிசம்பரில் மரண தண்டனை. அப்போது அவருக்கு 35 வயது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு அருகே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும் நண்பர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்துடன் ஸ்பானியம் பிலிப்பீன்ஸின் அதிகாரத்துவ மொழி என்ற தகுதியை இழந்தது. அரசு போனது, மொழியும் போனது. எண்கள் மட்டும் சந்தையிலும் கடிகாரத்திலும் தங்கிவிட்டன. ஒரு காலத்தில் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைக்கப்பட்ட சொற்கள் இன்று மீன் விற்பவரின் வாயிலும் வருகின்றன. மூன்று மொழிகளில் கணக்குப் போட்டு வளரும் நமக்கு, தலிசாய் கடற்கரையின் அந்த மூங்கில் இருக்கை அவ்வளவு தொலைவில் இல்லை.