பட்டமில்லாத பண்டிதர்

தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவரே இன்று உயிரோடு வந்தால் அங்கே ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சட்டம் இடம் தராது. அவர் கல்லூரியில் படித்தவர் அல்லர்.

1845 மே 20 அன்று பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குக் கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தன் பெயராக்கிக்கொண்டார். தமிழும் சித்த மருத்துவமும் சுவடிகளின் வழியே கைவந்தன. நீலகிரியில் 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1898-இல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் ஓரளவு அறிவார்கள். வைத்தியர் அயோத்திதாசரைத்தான் அதிகம் பேசுவதில்லை.

சென்னை ராயப்பேட்டையில் அவர் வைத்தியம் பார்த்தார். சிறுவயதில் கை கால் முடங்கிப்போன திரு.வி.க.வைக் குணப்படுத்தியது அவருடைய மருந்துதான். அதைத் திரு.வி.க.வே தன் வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். தொட்டால் தீட்டு என்றிருந்த காலத்தில், நோய் வந்தபோது வேளாளர் வீட்டுப் பிள்ளை பறையர் குலத்து மருத்துவரிடம் போயிருக்கிறது!

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கே அதில் பதிவு. நாட்டு வைத்தியர் மருந்து கொடுப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் சட்டத்துக்குத் தேவையான சான்றிதழில் அவர் கையெழுத்து செல்லாது. எதிர்ப்பு எழுந்தது. 1921-இல் உஸ்மான் குழு அமைந்தது. 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. மரியாதை கிடைத்தது, கூடவே பாடத்திட்டமும் சான்றிதழும் வந்தன. எழுத்தறிவே மறுக்கப்பட்ட சேரிக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1970-இன் மத்தியச் சட்டம் பதிவு பெற்றவர்களுக்கே இந்திய மருத்துவம் பார்க்கும் உரிமை என்றது. ஏற்கெனவே தொழில் செய்துவந்தோரில் சிலருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. அந்த உரிமை அவரவர் ஆயுளோடு சரி, மகனுக்கோ மகளுக்கோ வராது. கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கிலும் 2018-இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை அறிவு மட்டும் போதாது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பை முழுக்கக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. போலி மருத்துவரிடம் உயிரை விடுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. பாம்பு கடித்தால் பச்சிலை அரைத்து நேரத்தைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் நம் ஊரில் தலைமுறையாகப் பிரசவம் பார்த்த கிழவியையும் போலி ஊசி போடுகிறவனையும் ஒரே சொல்லால் அழைப்பது என்ன நியாயம்? அவர்களின் அறிவைச் சோதித்துப் பார்த்து ஏற்க ஒரு வழி வேண்டாமா?

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடஒதுக்கீடும் உண்டு. பாட்டன் சுவடி பரணில் கிடக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே போக இன்று நீட் தேர்வுதான் வழி.